லாக், மாண்டெஸ்கியூ, ரூசோ, பெக்காரியா: அறிவொளிக்கால அரசியலில் எதை முதலில் படிப்பது?

சுருக்கக் கையேடுகளிலும் காணொளிகளிலும் அறிவொளிக்கால (ஐரோப்பாவின் 17, 18ஆம் நூற்றாண்டுகள்) அரசியல் சிந்தனையைப் பார்த்துச் சலித்தவர்கள், ஒரு கட்டத்தில் மூல நூல்களையே படித்துவிடலாம் என்று முடிவெடுக்கிறார்கள். நல்ல முடிவுதான். அடுத்த கேள்வியில் மாட்டிக்கொள்கிறார்கள்: எந்த நூலை முதலில் எடுப்பது?

ஆண்டு வரிசையில் போகச் சொல்வதுதான் வழக்கமான பதில். 1689ல் லாக், 1748ல் மாண்டெஸ்கியூ, 1762ல் ரூசோ. பாடத்திட்டங்களும் இப்படித்தான் அடுக்குகின்றன. வகுப்பறையில் பின்னணியைச் சொல்ல ஒருவர் இருப்பதால் அது ஓடிவிடுகிறது. தனியாக உட்கார்ந்து படிப்பவருக்கு இந்த வரிசை சரிப்படாது என்பது என் கருத்து.

இந்த நூல்கள் ஒவ்வொன்றும் யாரோ ஒருவரை மறுத்து எழுதப்பட்டவை. மறுக்கப்பட்டவர் இன்னார் என்று தெரியாவிட்டால், ஒரு நூல் "இதில் என்ன புதுமை, எல்லோருக்கும் தெரிந்ததுதானே" என்று தோன்றும். இன்னொன்று பிதற்றலாகத் தோன்றும். ஆகவே, எந்த நூலின் எதிராளி உங்களுக்கு ஏற்கெனவே பழக்கமோ, அதில் தொடங்குங்கள். ஆண்டு வரிசை அப்புறம் தானாக மனதில் அமைந்துவிடும்.

## எதை வைத்து எடை போடுவது

முதல் அளவுகோல் மேலே சொன்ன எதிராளி. அவரை அறிந்துகொள்ள நீங்கள் எவ்வளவு மெனக்கெட வேண்டும்?

இரண்டாவது, அளவும் நடையும். மாலை நேரங்களில் முடிக்கக்கூடிய சிறு நூலா, மாதக்கணக்கில் இழுக்கும் பெருநூலா?

மூன்றாவது, அந்த நூல் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறது. 'அறிவொளிக்கால அரசியல்' என்று ஒரே பெயரில் வழங்கினாலும் இவர்கள் ஒரே கேள்வியைக் கேட்கவில்லை. அரசுக்கு ஏன் கீழ்ப்படிய வேண்டும் என்பது வேறு. அதிகாரத்தை எப்படிக் கட்டுக்குள் வைப்பது என்பது வேறு.

நான்காவதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. அதுதான் மறைமுகச் செலவு. ஒரு நூலை மட்டும் தனியாகப் படித்துவிட்டு நிறுத்தினால் எந்தத் தவறான முடிவோடு எழுந்திருப்போம்? அதைச் சரிசெய்யக் கூடவே எதைப் படிக்க வேண்டும்?

பணச் செலவு இங்கே பெரிய விஷயமில்லை. நான்குக்கும் பழைய ஆங்கிலப் பதிப்புகள் இணையத்தில் இலவசம். லாக்கையும் ரூசோவையும் ஜோனதன் பென்னட் என்ற தத்துவப் பேராசிரியர் இன்றைய எளிய ஆங்கிலத்தில் மாற்றித் தந்த வடிவமும் இலவசமாகவே கிடைக்கிறது. பதினேழாம் நூற்றாண்டு ஆங்கில வாக்கியங்களோடு மல்லுக்கட்ட விருப்பமில்லாதவர்களுக்கு அது பெரிய உதவி.

| நூல் | அளவு | எதிராளி | மையக் கேள்வி | கூடவே படிக்க வேண்டியது |
|---|---|---|---|---|
| லாக், அரசாங்கம் பற்றிய இரண்டாம் ஆய்வுரை | 19 அத்தியாயங்கள், சிறியது | ராபர்ட் ஃபில்மர் | ஆட்சியாளரை எப்போது நீக்கலாம்? | ஸ்காட்லாந்துத் தத்துவஞானி ஹியூமின் மூல ஒப்பந்தம் பற்றிய கட்டுரை |
| மாண்டெஸ்கியூ, சட்டங்களின் சாரம் | 31 பாகங்கள், மிகப் பெரியது | பிரெஞ்சு முடியாட்சியின் அதிகாரக் குவிப்பு | அதிகாரத்தை எது தடுத்து நிறுத்தும்? | அமெரிக்க அரசமைப்பை ஆதரித்து வந்த கூட்டாட்சிக் கட்டுரைகளில் 9, 47 |
| ரூசோ, சமூக ஒப்பந்தம் | 4 பாகங்கள், சிறியது, ஆனால் கடினம் | குரோஷியஸ் (டச்சுச் சட்ட அறிஞர்), ஹாப்ஸ் (முழு அதிகார அரசை ஆதரித்த ஆங்கிலேயர்) | கீழ்ப்படிந்துகொண்டே சுதந்திரமாக இருக்க முடியுமா? | போலந்து பற்றிய அவரது நூல், வுல்ஸ்டன்கிராஃப்ட் |
| பெக்காரியா, குற்றங்களும் தண்டனைகளும் | மிகச் சிறியது | சித்திரவதை, தூக்கு, ரகசிய விசாரணை | அரசு எந்த அளவுக்குத் தண்டிக்கலாம்? | பெரிதாக ஒன்றும் வேண்டாம் |

## லாக்: எளிதாகத் தெரியும், ஆனால் எளிதல்ல

இரண்டாம் ஆய்வுரையைத் திறந்தவுடன் எல்லாம் புரிவதுபோல் இருக்கும். மனிதர்கள் இயல்பில் சமமானவர்கள், சுதந்திரமானவர்கள். உயிர், சுதந்திரம், உடைமை ஆகியவற்றைக் காத்துக்கொள்ளத் தங்கள் சம்மதத்தின் பேரில் அரசை அமைக்கிறார்கள். அந்த நம்பிக்கையை அரசு மீறினால் அதைக் கலைக்கலாம். நமக்கு இது குடிமையியல் பாடத்தின் முதல் பக்கம் போலத்தான் இருக்கிறது.

சிக்கலே அதுதான். லாக் யாரை மறுத்தாரோ அவரை இன்று யாரும் படிப்பதில்லை. ராபர்ட் ஃபில்மர் 1653ல் இறந்துவிட்டார். அவருடைய நூல் 1680ல் அச்சாகி, அரச கட்சியினரின் ஆயுதமானது. கடவுள் ஆதாமுக்குத் தந்த தந்தை அதிகாரம்தான் வழிவழியாக அரசர்களிடம் இருக்கிறது, பிள்ளைகள் தகப்பனைத் தேர்ந்தெடுப்பதில்லை, குடிகளும் அப்படியே என்பது அவர் வாதம். லாக்கின் முதல் ஆய்வுரை முழுக்க இதை விவிலிய வசனம் வசனமாகப் பிரித்து மேய்கிறது. அதைத் தாண்டி நேரே இரண்டாவதுக்குப் போகும் நாம், யாரோடு சண்டை என்பதே தெரியாமல் ஜெயித்தவரின் பேச்சை மட்டும் கேட்கிறோம்.

அந்தச் சண்டை உயிர்ப் பிரச்சினையாக இருந்த காலம் அது. அதே ஃபில்மரை மறுத்து எழுதிக்கொண்டிருந்த ஆல்ஜெர்னான் சிட்னி 1683ல் தலை வெட்டப்பட்டார். அவர் வீட்டில் எடுத்த கையெழுத்துப் படியே விசாரணையில் இரண்டாவது சாட்சியாக நிறுத்தப்பட்டது. லாக் அந்த ஆண்டு ஹாலந்துக்குத் தப்பினார். நூல் 1689ல் வெளிவந்தபோது அதில் அவர் பெயர் இல்லை. தன் உயிலில்தான் அதைத் தன்னுடையது என்று ஒப்புக்கொண்டார். இரண்டாம் ஜேம்ஸ் மன்னரை வெளியேற்றிய 1688 புரட்சிக்குப் பின்னால் அதை நியாயப்படுத்த எழுதிய நூல் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. பெரும்பகுதி அதற்குப் பல ஆண்டு முன்பே, ஜேம்ஸை வாரிசுரிமையிலிருந்து விலக்கும் போராட்டத்தின்போதே எழுதப்பட்டது என்பதை வரலாற்றாசிரியர் பீட்டர் லாஸ்லெட் வாதிட்டு நிறுவினார். இது தெரிந்த பிறகு கடைசி அத்தியாயத்தைப் படித்துப் பாருங்கள், சூடே வேறாக இருக்கும்.

மறைமுகச் செலவு ஐந்தாம் அத்தியாயத்தில் இருக்கிறது. உழைப்பைக் கலந்தால் பொதுப் பொருள் சொத்தாகிறது என்ற புகழ்பெற்ற வாதம் அது. "என் குதிரை மேய்ந்த புல், என் வேலைக்காரன் வெட்டிய புல்தரை, நான் தோண்டிய தாது" எல்லாம் என் உடைமை என்று ஒரு வரியில் சாதாரணமாகச் சொல்லிப் போகிறார். வேலைக்காரனின் உழைப்பு எப்படி முதலாளியின் உழைப்பானது என்ற கேள்வியை அங்கே நிறுத்திக் கேட்க வேண்டும். உழாத நிலம் வீணான நிலம் என்று அதே அத்தியாயத்தில் வரும் வாதம், அமெரிக்கப் பழங்குடிகளின் நிலத்தை எடுத்துக்கொள்ள வசதியாகப் போயிற்று. அடிமைத்தனம் கேவலமானது என்று முதல் ஆய்வுரையைத் தொடங்கும் இதே மனிதர், அடிமை வணிகம் செய்த ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனியில் பங்கு வைத்திருந்தார். கரோலினா குடியேற்றத்தின் உரிமையாளர்களுக்குச் செயலாளராகவும் இருந்தார். அவர்களது 1669ஆம் ஆண்டுச் சாசனம், சுதந்திரக் குடிகளுக்குத் தங்கள் கறுப்பின அடிமைகள் மீது முழு அதிகாரம் தந்தது.

இன்னொரு ஓட்டை சம்மதம். நான் எப்போது சம்மதித்தேன் என்று கேட்டால், நாட்டின் சாலையில் நடந்தாலே மறைமுகச் சம்மதம்தான் என்கிறார் லாக். இதற்கு ஹியூம் 1748ல் கொடுத்த பதிலைப் படிக்காமல் லாக்கை மூடி வைக்காதீர்கள். தூக்கத்தில் கப்பலில் ஏற்றப்பட்டவன், வெளியேற வேண்டுமானால் கடலில் குதித்துச் சாக வேண்டும் என்ற நிலையில் இருக்கிறான். கப்பலில் தங்கியிருப்பதாலேயே தலைவனின் ஆணைக்கு மனமொப்பிச் சம்மதித்தான் என்று சொல்ல முடியுமா? சில பக்கங்களே உள்ள கட்டுரை, லாக்கின் அடித்தளத்தையே ஆட்டிவிடும்.

லாக் முதலில் பொருந்துவது யாருக்கு? இங்கிலாந்தின் பதினேழாம் நூற்றாண்டு வரலாறு ஓரளவு தெரிந்தவர்களுக்கு. அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தை வைத்து ஆராய்ச்சி செய்பவர்களுக்கும்தான். 1776 பிரகடனத்தில் வரும் 'நீண்ட தொடரான அத்துமீறல்கள்' என்ற தொடர் லாக்கின் கடைசி அத்தியாயத்திலேயே இருக்கிறது.

## மாண்டெஸ்கியூ: முழுதாகப் படிக்காதீர்கள்

31 பாகங்கள், அறுநூறுக்கு மேற்பட்ட அத்தியாயங்கள். நவீன ஆங்கிலப் பதிப்பு 700 பக்கத்தைத் தாண்டும். சில அத்தியாயங்கள் இரண்டே வரி. சில, பழைய பிராங்கு இனத்தாரின் நிலமானியச் சட்டங்களில் புகுந்து வெளியே வர மறுக்கும். தானே இருபது ஆண்டு உழைத்த நூல் என்று முன்னுரையில் சொல்கிறார். போர்தோ நகர உயர் நீதிமன்றத்தில் பதவி வகித்து, அப்பதவியை 1726ல் விற்றுவிட்டு (அன்று பிரான்சில் நீதிபதிப் பதவியும் சொத்துதான்), ஐரோப்பா சுற்றி, 1729 முதல் 1731 வரை இங்கிலாந்தில் இருந்து திரும்பியவர்.

நான்கு பேரில் இன்றைய அரசமைப்புச் சட்டங்களில் அதிகமாகக் கண்ணில் படுகிறவர் இவர்தான். ஆட்சி வகைகளைக் குடியரசு, முடியாட்சி, கொடுங்கோன்மை என்று மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஓட்டும் உணர்ச்சி எது என்று கேட்டார். குடியரசுக்குப் பொதுநலப் பற்று, முடியாட்சிக்குக் கௌரவம், கொடுங்கோன்மைக்கு அச்சம். சட்டப் புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைவிட, மக்கள் எந்த உணர்ச்சியால் கீழ்ப்படிகிறார்கள் என்று பார்ப்பது அன்றைக்குப் புதுப் பார்வை. பதினொன்றாம் பாகத்தின் ஆறாம் அத்தியாயம்தான் அதிகாரப் பிரிவினைக்குப் புகழ்பெற்றது. அதிகாரம் கையில் உள்ள எவரும் எல்லை தட்டும்வரை அதைப் பயன்படுத்தவே செய்வார்கள். ஆகவே அதிகாரமே அதிகாரத்தைத் தடுக்கும்படி அமைப்பு இருக்க வேண்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. அவர் வர்ணித்த இங்கிலாந்து அப்படி இருக்கவில்லை. அவர் லண்டனில் இருந்த நாட்களில் ஆட்சியை நடத்திய ராபர்ட் வால்போல் நாடாளுமன்ற உறுப்பினராக அமர்ந்துகொண்டுதான் நடத்தினார். மாண்டெஸ்கியூவுமே சட்டமியற்றல், நிர்வாகம், நீதி ஆகிய மூன்றுக்கும் இடையில் சுவர் எழுப்பச் சொல்லவில்லை. அரசருக்குச் சட்டத்தைத் தடுக்கும் அதிகாரம் தருகிறார். 1788 ஜனவரியில் கூட்டாட்சிக் கட்டுரைகளின் 47ஆம் எண்ணில் ஜேம்ஸ் மேடிசன் வாதாடியது இதைத்தான்: ஒரு துறையின் முழு அதிகாரமும் இன்னொரு துறையின் கைக்கே போய்விடக் கூடாது என்பதுதான் அவர் கருத்து, ஒன்றில் இன்னொன்று தலையிடவே கூடாது என்பதல்ல. 'அதிகாரப் பிரிவினை' என்று மூன்று பெட்டி வரைந்து மனப்பாடம் செய்தவர்கள் இந்த இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால் நல்லது.

நூலின் பெரிய மறைமுகச் செலவு, அதில் எல்லாத் தரப்புக்கும் ஒரு வரி கிடைக்கும் என்பது. குடியரசு சிறிய நிலப்பரப்பில்தான் நிலைக்கும் என்று எட்டாம் பாகத்தில் எழுதினார். அமெரிக்காவில் புதிய அரசமைப்பை எதிர்த்தவர்கள் அதைத் தூக்கிப் பிடித்தார்கள். மேடிசனோடு சேர்ந்து கூட்டாட்சிக் கட்டுரைகளை எழுதிய ஹாமில்டன் 9ஆம் கட்டுரையில் அதே நூலின் ஒன்பதாம் பாகத்தை எடுத்து, பல சிறு குடியரசுகள் கூட்டாகச் சேரலாம் என்று அவரே சொல்லியிருக்கிறாரே என்று திருப்பி அடித்தார். ரஷ்யாவில் இரண்டாம் கேத்தரின் 1767ல் சட்டக் குழுவுக்குக் கொடுத்த அறிவுறுத்தலில் மாண்டெஸ்கியூவைப் பத்தி பத்தியாக எடுத்தாண்டார். பரந்த பேரரசுக்குக் கொடுங்கோன்மையே பொருந்தும் என்று அவர் பயமுறுத்தியதை, 'ஆகவே என் பரந்த நாட்டுக்கு முழு அதிகாரம் கொண்ட ஆட்சியாளர் தேவை' என்று அந்த அம்மையார் தனக்குச் சாதகமாக்கிக்கொண்டார்!

இன்னொரு செலவு, இந்திய வாசகருக்கு எரிச்சலூட்டக்கூடியது. பதினான்காம் பாகத்தில் தட்பவெப்பக் கோட்பாடு வருகிறது. ஓர் ஆட்டு நாக்கை உறைய வைத்து, குளிரில் அதன் நுனி மொட்டுகள் சுருங்குவதைப் பார்த்து, குளிர்நாட்டார் உணர்ச்சி மட்டு, வெப்பநாட்டார் உணர்ச்சி மிகை என்று தாவுகிறார். அடுத்த அத்தியாயத்தில் இந்தியர்கள் இயல்பிலேயே துணிவற்றவர்கள் என்கிறார். உடனே, அப்படியானால் அங்கே பெண்கள் தீக்குளிப்பதும் ஆண்கள் கொடும் வதைகளைத் தாங்குவதும் எப்படி என்று தானே குழம்புகிறார். கீழை நாடுகளில் சட்டமும் இல்லை, தனிச் சொத்தும் இல்லை என்ற படிமம் ஐரோப்பாவில் வேரூன்ற இந்த நூலுக்குப் பெரும் பங்கு உண்டு. அதை அந்தக் காலத்திலேயே ஒருவர் நேருக்கு நேர் மறுத்தார். 1755ல் புதுச்சேரியில் வந்து இறங்கி இந்தியாவில் சில ஆண்டுகள் அலைந்த ஆங்கெத்தில் துப்பெரோன், 1778ல் ஆம்ஸ்டர்டாமில் வெளியிட்ட நூலில், துருக்கி, பாரசீகம், இந்தியா மூன்றிலும் எழுதப்பட்ட சட்டங்களும் தனிச் சொத்தும் உண்டு என்று வாதிட்டார். அறிவொளிக்காலம் ஒரே குரலில் பேசவில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

என் பரிந்துரை: 2, 3, 8, 11 ஆகிய பாகங்கள், 14ஆம் பாகம், அடிமை முறையை ஆதரிப்பது போல நடித்து அதைக் கிழித்தெறியும் 15ஆம் பாகத்தின் ஐந்தாம் அத்தியாயம். அவ்வளவு போதும். போட்டித் தேர்வுக்கோ சட்டப் படிப்புக்கோ தயாராகிறவர்கள் இதில் தொடங்கலாம். கதை வேண்டுபவர்கள் 1721ல் வந்த பாரசீகக் கடிதங்களை முதலில் படித்துவிட்டு இங்கே வரலாம். கொடுங்கோன்மை என்றால் என்னவென்று அதில் அந்தப்புரமே பாடம் நடத்துகிறது.

## ரூசோ: எல்லோரும் முதலில் எடுப்பது, யாரும் முதலில் எடுக்கக் கூடாதது

மனிதன் பிறக்கையில் சுதந்திரமானவன், எங்கு பார்த்தாலும் சங்கிலியில் கிடக்கிறான் என்ற வாக்கியத்தின் கவர்ச்சி அப்படி. அந்த வாக்கியத்தை நம்பி உள்ளே போகிறவர்கள், அடுத்து அவர் சங்கிலியை உடைக்கச் சொல்வார் என்று எதிர்பார்க்கிறார்கள். அவர் சொல்வதோ வேறு. இந்த மாற்றம் எப்படி நேர்ந்தது என்று தெரியாது, அதை நியாயமானதாக்குவது எது என்ற கேள்விக்குப் பதில் சொல்ல முடியும் என்று நினைக்கிறேன் என்கிறார். அதாவது, நூல் சங்கிலியை உடைப்பது பற்றியதல்ல. எந்தச் சங்கிலி நியாயமானது என்பது பற்றியது.

முதல் பாகத்தின் தொடக்கம் சுலபமாக ஓடும். வலிமையிலிருந்து உரிமை பிறக்காது. ஒரு மனிதன் தன்னை அடிமையாக விற்க முடியாது. குரோஷியஸ் சொல்வதற்கு மாறாக, ஒரு மக்கள் கூட்டமும் தன்னை அரசனுக்கு விற்க முடியாது. இங்கே எதிராளி பெயர் சொல்லி அழைக்கப்படுகிறார், ஆகவே வழி தெரிகிறது. முதல் பாகத்தின் கடைசியிலும் இரண்டாம் பாகத்திலும்தான் தரை நழுவும். ஒவ்வொருவரும் தன்னை முழுமையாகச் சமூகத்துக்கு ஒப்படைக்க வேண்டும். பதிலாக, பொது விருப்பத்தை உருவாக்குவதில் சம பங்கு பெறுவார். பொது விருப்பம் என்பது எல்லோருடைய விருப்பங்களின் கூட்டுத்தொகை அல்ல. கூட்டுத்தொகை தனிநலன்களின் மூட்டையாகவும் இருக்கலாம். பொது விருப்பமோ பொதுநலனை மட்டுமே நோக்கும். அதற்குக் கீழ்ப்படிய மறுப்பவன் 'சுதந்திரமாக இருக்கும்படி கட்டாயப்படுத்தப்படுவான்'.

இந்த வரியைத் தனியாகப் படித்தவர்கள் இரண்டு அணியாகப் பிரிவார்கள். ஒரு அணிக்கு இது சர்வாதிகாரத்தின் விதை. பிரெஞ்சுப் புரட்சித் தலைவர் ரோபெஸ்பியர் ரூசோவைக் கொண்டாடியதைச் சான்றாகக் காட்டுவார்கள். இன்னொரு அணிக்கு, யாருக்கும் தனிச் சலுகை கிடையாது, சட்டம் எல்லோருக்கும் ஒன்று என்பதைத்தான் இது சொல்கிறது. நான் இரண்டாவது அணிப் பக்கம் கொஞ்சம் சாய்வேன், ஆனால் முழுமையாக அல்ல. காரணம், நான்காம் பாகத்தின் குடிமைச் சமயம் பற்றிய அத்தியாயம். அரசு வகுக்கும் சில எளிய நம்பிக்கைகளை ஏற்காதவரை நாடு கடத்தலாம், ஏற்றுக்கொண்டதாக அறிவித்துவிட்டு ஏற்காதவர் போல நடப்பவருக்கு மரண தண்டனை என்கிறார். இதைப் பொது விருப்பத்தின் அப்பாவித்தனமான விளக்கத்தோடு பொருத்திப் பார்க்க என்னால் முடியவில்லை.

மூன்றாம் பாகம் பதினைந்தாம் அத்தியாயம்தான் இந்த நூலின் கூர்முனை. இறையாண்மைக்குப் பிரதிநிதி கிடையாது. ஆங்கிலேயர்கள் தாங்கள் சுதந்திரமானவர்கள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நாடாளுமன்ற உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் வேளையில் மட்டுமே அப்படி, தேர்தல் முடிந்ததும் பழையபடி அடிமைகள். ஐந்தாண்டுக்கு ஒருமுறை வாக்களித்துவிட்டு மறுநாளே புலம்பும் எவருக்கும் இது சுருக்கென்று தைக்கும். ஆனால் மாற்று என்ன? மக்கள் நேரில் கூடும் சிறிய நகர அரசு. ஜெனிவாக் குடிமகன் என்று தன்னைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டவர் அல்லவா. அந்த ஜெனிவாவே 1762 ஜூனில் இந்த நூலையும் கல்வி பற்றிய அவரது எமில் என்ற நூலையும் சேர்த்து எரித்தது. பாரிஸ் எமிலை எரித்து, ரூசோவைக் கைது செய்ய உத்தரவிட்டது. அவர் தப்பி ஓடினார்.

மறைமுகச் செலவுகள் மூன்று. முதலாவது, இந்த நூல் முந்தைய ஆய்வுரையின் தொடர்ச்சி போன்றது. சொத்தும் சமத்துவமின்மையும் எப்படித் தோன்றின என்று விளக்கும் 1755ஆம் ஆண்டு ஆய்வுரையைப் படிக்காமல் இதைப் படித்தால் நோய் தெரியாமல் மருந்தைக் குடிப்பது போலத்தான். இரண்டாவது, கோட்பாட்டு ரூசோ வேறு, ஆலோசனை சொல்லும் ரூசோ வேறு. போலந்துக்காக 1770களின் தொடக்கத்தில் எழுதிய நூலில், பெரிய நாட்டுக்குப் பிரதிநிதிகள் தவிர்க்க முடியாதவர்கள் என்று இறங்கி வந்து, அவர்களை வாக்காளரின் கட்டளைகளால் கட்டிப்போடுவது எப்படி என்று யோசிக்கிறார். அதைப் படித்த பின் சமூக ஒப்பந்தத்தின் முறைப்பு கொஞ்சம் தளர்கிறது.

மூன்றாவது பெண்கள். பொது விருப்பத்தில் பங்கேற்கும் குடிமகன் ஆண்தான். எமிலின் ஐந்தாம் பாகத்தில் நாயகனின் வருங்கால மனைவி சோஃபியை ஆணுக்குப் பிடித்தமானவளாக வளர்க்கச் சொல்லும் பகுதியை மேரி வுல்ஸ்டன்கிராஃப்ட் 1792ல் தன் பெண்ணுரிமை நூலில் வரி வரியாக எடுத்து வெளுத்து வாங்கினார். ரூசோவை எடுப்பவர்கள் வுல்ஸ்டன்கிராஃப்டின் ஐந்தாம் அத்தியாயத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ரூசோ முதலில் பொருந்துவது, ஏற்கெனவே ஹாப்ஸையோ லாக்கையோ படித்துவிட்டு 'இது போதாது' என்று உணர்ந்தவர்களுக்கு மட்டும்.

## பெக்காரியா: பட்டியலில் கடைசி, என் தேர்வில் முதல்

பாடப் புத்தகங்கள் இவரைக் குற்றவியல் துறையிடம் தள்ளிவிட்டு அரசியல் சிந்தனைப் பட்டியலில் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன. அநியாயம். 1764ல் இத்தாலியின் லிவோர்னோவில் பெயரில்லாமல் இந்தச் சிறு நூல் வெளிவந்தபோது அதை எழுதிய செசாரே பெக்காரியாவுக்கு 26 வயது. ஹாப்ஸ்பர்க் ஆட்சியில் இருந்த மிலான் நகரம். பியெத்ரோ, அலெசாந்த்ரோ என்ற வெர்ரி சகோதரர்கள் நடத்திய இளைஞர் குழு. அதன் பெயரே முஷ்டிகளின் கழகம். அலெசாந்த்ரோ சிறைக் கைதிகளின் நலனைக் கவனிக்கும் பதவியில் இருந்ததால் உள்ளே நடப்பதெல்லாம் தெரியும். பெக்காரியாவை எழுதத் தூண்டி, உட்காரவைத்து எழுதவைத்தவர்கள் இவர்கள்தான்.

எதிராளி யார் என்று விளக்கவே வேண்டாம். அடித்து வாங்கும் வாக்குமூலம், யார் கொடுத்தது என்று தெரியாத ரகசியப் புகார், அந்தஸ்தைப் பார்த்து மாறும் தண்டனை, பொதுவிடத்தில் தூக்கு. நாளிதழ் படிக்கும் எவருக்கும் இவற்றில் பாதி இன்றைக்கும் அறிமுகம்.

சித்திரவதைக்கு எதிரான வாதத்தைப் பாருங்கள். குற்றம் நிரூபணமாகிவிட்டதா? அப்படியானால் சட்டம் சொல்லும் தண்டனை போதும், வதை தேவையில்லை. நிரூபணமாகவில்லையா? அப்படியானால் சட்டத்தின் கண்ணில் அவன் நிரபராதி, நிரபராதியை வதைக்கிறீர்கள். மேலும், வலியைத் தாங்குவது உடல்வலிமையைப் பொறுத்தது. ஆகவே முரட்டுக் குற்றவாளி தப்புவான், நோஞ்சான் நிரபராதி ஒப்புக்கொள்வான். இதைப் படித்துப் புரிந்துகொள்ள எந்த வரலாற்றுப் பின்னணியும் வேண்டாம். ஆனால் அறிவொளிக்கால அரசியலின் முழு இயந்திரமும் இங்கே ஓடுகிறது. ஒவ்வொருவரும் தன் சுதந்திரத்தில் மிகச் சிறிய பங்கையே பொதுவில் வைத்தார். அந்தச் சிறு பங்குகளின் தொகைதான் தண்டிக்கும் உரிமை. அதற்கு மேல் போவதெல்லாம் அத்துமீறல். மரண தண்டனைக்கு எதிரான வாதமும் இதிலிருந்தே வருகிறது: தன்னைக் கொல்லும் உரிமையை அடுத்தவர் கையில் யார் கொடுத்திருப்பார்? லாக்கின் சம்மதமும் மாண்டெஸ்கியூவின் மிதமும் (அவர் கடனை முன்னுரையிலேயே ஒப்புக்கொள்கிறார்) ரூசோவின் ஒப்பந்தமும் ஒரு காவல் கொட்டடிக்குள் கொண்டுவந்து சோதிக்கப்படுகின்றன.

தண்டனையின் கொடுமையைவிட அது நிச்சயம் கிடைக்கும் என்பதே குற்றத்தைத் தடுக்கும் என்றும் அவர் சொன்னார். ஏதாவது கொடூரம் நடந்தவுடன் 'இன்னும் கடுமையான சட்டம்' என்று எழும் குரலுக்கு இன்றைக்கும் முதல் பதில் இதுதான்.

நூல் ஓடிய வேகமும் அசாதாரணம். மொரலே பிரெஞ்சில் மொழிபெயர்த்தார். அத்தியாயங்களைத் தன் இஷ்டத்துக்கு மாற்றி அடுக்கினார் என்பது வேறு விஷயம். 1766ல் வால்டேர் ஒரு விளக்கவுரை எழுதினார். அதே ஆண்டு கத்தோலிக்கத் திருச்சபை தடை நூல் பட்டியலில் சேர்த்தது. கேத்தரினின் அறிவுறுத்தலில் மாண்டெஸ்கியூவுக்கு அடுத்து அதிகம் எடுத்தாளப்பட்டவர் பெக்காரியாதான். டஸ்கனியை ஆண்ட லியோபோல்டு 1786ல் மரண தண்டனையையே சட்டப் புத்தகத்திலிருந்து நீக்கினார். பாரிஸ் அறிஞர்கள் கொண்டாட அழைத்தபோது இந்தக் கூச்ச சுபாவி போய், வீட்டு நினைப்பு தாங்காமல் பாதியில் திரும்பிவிட்டார். எனக்கு அவரைப் பிடித்துப்போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

மறைமுகச் செலவு இல்லாமலில்லை. மரண தண்டனைக்குப் பதிலாக அவர் வைப்பது ஆயுட்கால அடிமை உழைப்பு. அதை வைப்பதும் இரக்கத்தால் மட்டுமல்ல. நீண்ட காலம் கண்ணெதிரே துன்பப்படும் மனிதன் பார்ப்பவர்களை அதிகம் அச்சுறுத்துவான் என்று கணக்குப் போடுகிறார். தேசத்தின் சுதந்திரமே ஆட்டம் காணும் நேரங்களில் மரண தண்டனைக்கு ஒரு விதிவிலக்கும் வைக்கிறார். எது 'அப்படிப்பட்ட நேரம்' என்று தீர்மானிப்பவர் யார் என்பதற்கு நூலில் பதில் இல்லை. யார் ஆள வேண்டும் என்ற கேள்வியையே அவர் தொடுவதில்லை. நல்ல மன்னர் ஒருவர் சீர்திருத்தினால் அவருக்குத் திருப்திதான். ஆகவே இதோடு நிறுத்துபவர், அறிவொளிக்காலம் என்பது மேலிருந்து செய்யும் சட்டத் திருத்தம் என்று நினைத்துவிடக்கூடும்.

ஆனாலும், அடுத்த நூலுக்குப் போக இதிலிருந்தே கதவுகள் திறக்கின்றன. திருட்டு பற்றிய அத்தியாயத்தில், சொத்துரிமை ஒரு பயங்கரமான, ஒருவேளை தேவையில்லாத உரிமை என்று போகிற போக்கில் சொல்கிறார். லாக்கின் ஐந்தாம் அத்தியாயத்தைப் படிக்க இதைவிட நல்ல தூண்டுதல் உண்டா?

## நேரமே இல்லாதவர்களுக்கு

காண்ட் 1784 டிசம்பரில் பெர்லின் மாத இதழ் ஒன்றில் எழுதிய, அறிவொளி என்றால் என்ன என்ற கட்டுரை சில பக்கங்கள்தான். ஒரே மாலையில் முடியும். துணிந்து அறிந்துகொள் என்ற முழக்கம் இங்கேதான். ஆனால் கவனம்: இதே கட்டுரை, எவ்வளவு வேண்டுமானாலும் வாதாடுங்கள், ஆனால் கீழ்ப்படியுங்கள் என்றும் சொல்கிறது. அதிகாரி பதவியில் இருக்கும்போது ஆணையை நிறைவேற்ற வேண்டும். அறிஞராகப் பொதுமக்கள் முன் எழுதும்போது அந்த ஆணையை விமர்சிக்கலாம். பிரஷ்ய மன்னரின் நிழலில் எழுதப்பட்ட சமரசம் என்று இதைப் பார்க்கலாம், தந்திரம் என்றும் பார்க்கலாம். ஆரம்பமாக இது போதாது. பசியைத் தூண்டும், அவ்வளவே.

வுல்ஸ்டன்கிராஃப்டில் தொடங்கலாமா என்று கேட்பவர்களும் உண்டு. பெண்ணுரிமை உங்கள் மையக் கேள்வி என்றால் தாராளமாக. எதிராளியும் உங்களுக்கு நன்றாகப் பழக்கமானவர்தான். அவசரமாக எழுதப்பட்ட நூல், ஒரே கருத்து திரும்பத் திரும்ப வரும், வாக்கியங்கள் சுற்றி வளைக்கும். பொறுமை வேண்டும்.

## உங்கள் நிலையைப் பொறுத்து

தேர்வுக்குப் படிப்பவர் என்றால் மாண்டெஸ்கியூவின் பதினொன்றாம் பாகம், கூடவே மேடிசனின் 47ஆம் கட்டுரை. லாக்கில் ஒன்பதாம், பத்தொன்பதாம் அத்தியாயங்கள் போதும்.

வாசகர் வட்டமாகச் சேர்ந்து படிப்பவர்கள் ரூசோவை எடுக்கலாம். தனியாகப் படிக்கையில் தடுக்கி விழும் இடங்களே கூட்டமாகப் படிக்கையில் சண்டைக்கு நல்ல தீனி. பொது விருப்பத்தை வைத்து இரண்டு வாரம் வாக்குவாதம் நடக்கும், உறுதி.

குறிப்பிட்ட நோக்கமில்லாமல், இந்தக் காலத்துச் சிந்தனை எப்படி இயங்கியது என்று பார்க்க விரும்பும் பெரும்பாலானவர்களுக்கு என் வரிசை இது: பெக்காரியா முழுமையாக, லாக்கின் இரண்டாம் ஆய்வுரை, உடனே ஹியூமின் கட்டுரை, மாண்டெஸ்கியூவில் மேலே சொன்ன பகுதிகள், கடைசியாக ரூசோ. அந்தக் கட்டத்தில் ரூசோவின் எதிராளிகளில் பாதிப் பேர் உங்களுக்குத் தெரிந்தவர்களாக இருப்பார்கள். முதல் பாகம் முடிந்ததும் பொது விருப்பத்தில் சிக்கிக்கொள்ளாமல், மூன்றாம் பாகத்தின் பதினைந்தாம் அத்தியாயத்தை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு இரண்டாம் பாகத்துக்குத் திரும்புங்கள். அவர் எதற்காக அவ்வளவு சுற்றுகிறார் என்பது அங்கேதான் தெரியும்.